முனாபாவுக்கு அப்பால்

ராஜஸ்தானத்தின் பார்மேர் ஜில்லாவில், மணல்மேடும் வன்னிமரமும் ஒட்டகக்கூட்டமுமே கண்ணில் படுகிற வெளியைக் கடந்து, நம் தேசத்தின் தண்டவாளம் முடியும் இடத்தில் இருக்கும் முனாபாவ் ஒரு சிற்றூர்தான். ஆயினும் அவ்வூர் ஸ்டேஷனுக்கு அப்பால் வண்டி போகாததால் இரு ராஜ்ஜியங்களிலும் எத்தனை குடும்பங்களின் விவாகங்கள் தடைப்பட்டுக் கிடக்கின்றன என்பதை டில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் அதிகாரம் செலுத்துவோர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜோத்பூரையும் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தையும் இணைத்த பழைய மீட்டர்கேஜ் பாதை இது. பிரிவினையின்போது பக்கத்திலுள்ள கட்ரா என்னும் ஊர் பாகிஸ்தானுக்குப் போக, அதன் ஸ்டேஷனாகிய கட்ரா ரோடு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. 1965ஆம் வருஷத்து யுத்தத்தில், குண்டுவீச்சுக்கு நடுவிலும் படைகளுக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டுசேர்க்கப் பாடுபட்ட ரயில்வே ஊழியர்கள் 17 பேர் அங்கே உயிர்நீத்தார்கள். ஒவ்வொரு செப்டம்பர் 9ஆம் தேதியும் அவர்களுடைய ஞாபகச்சின்னத்தின் முன் ஜனங்கள் கூடுகிறார்கள். காற்று அடிக்கும் மாதங்களில் இரவோடிரவாக மணல் வந்து தண்டவாளத்தை மூடிவிடும். விடிந்ததும் கேங்மேன்கள் மண்வெட்டியோடு இறங்கி அள்ளிப்போட்டால்தான் வண்டி நகரும். அத்தகைய பாதையைக் காத்தவர்கள் அவர்கள்.

யுத்தத்தில் அறுந்த தொடர்பு, 41 வருஷம் கழித்து, 2006 பிப்ரவரி 18ஆம் தேதி தார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் மீண்டது. எல்லைக்கு அப்பால் உமர்கோட்டிலும் தார்பார்க்கரிலும் வாழும் ஸோடா ராஜபுத்திரர்கள், ஒரே கோத்திரத்துக்குள் கொள்வினை கொடுப்பினை கூடாது என்ற ஆசாரத்தை விடாதவர்களாதலால், பெண் கொடுக்கவும் எடுக்கவும் ராஜஸ்தானத்து ராட்டோர், பாட்டி குலத்தவர்களையே தலைமுறை தலைமுறையாக நாடிவருகிறார்கள். தேசம் இரண்டானபோது சம்பந்தம் இரண்டாகவில்லை. அவர்களுக்கு மட்டுமின்றி, பில் சாதியினருக்கும் சிந்தி முஸ்லிம்களுக்கும் தாயாதிகளையும் தமக்கை மக்களையும் காண்பதற்கு அந்த வாராந்தர வண்டியே வழியாயிருந்தது. தகரப்பெட்டியும் துணிமூட்டையுமாக வந்து எல்லையில் வண்டி மாறிய அப்பிரயாணிகளில் எத்தனை பேருக்கு விமானத்தில் துபாய் சுற்றி வரச் சக்தி இருந்திருக்கும்?

2019 ஆகஸ்டில் அந்த வண்டியும் நின்றது. அதன்பின் பஞ்சாபின் அட்டாரி வரை வடக்கே போய்ச் சுற்றிவந்தார்கள்; 2025 ஏப்ரலில், பஹல்காமில் அப்பாவிகள் கொல்லப்பட்ட கொடுமையை அடுத்து, அவ்வாசலும் அடைக்கப்பட்டது. அந்தக் கொலைகளைக் கேட்டு நெஞ்சு கொதிக்காதவர் இல்லை. எல்லையைக் காக்கும் கடமையில் அரசாங்கம் தளரலாகாது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெயரும் ஊரும் உறவும் எழுதிக்கொடுத்து, வீசா பெற்று, பெட்டியைத் திறந்துகாட்டிவிட்டு வருகிற கிழவியைத் தடுப்பதால் துப்பாக்கியோடு வேலியைத் தாண்டுகிறவன் தடைப்படுவானென்று நான் நம்பவில்லை.

வாரந்தோறும் வேண்டாம், இரத்த உறவையும் நிச்சயிக்கப்பட்ட விவாகத்தையும் ருசுப்படுத்துகிறவர்களுக்காக மட்டும், மாதம் ஒரு வண்டியேனும், எத்தனை கடுமையான சோதனையோடாயினும் இரு அரசாங்கங்களும் விட்டுப் பார்க்கட்டும். பார்மேரிலிருந்து முனாபாவ் வரை உள்ளூர் வண்டி ஓடிய பாதைதான் அது. அதற்கப்பால் எல்லைக்கோடு வெகு தூரத்தில் இல்லை.