பூட்டி வைப்பதா, ஓட்டிப் பார்ப்பதா?

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவி)

பிறந்தவர் அனைவரும் ஒருநாள் மறைவர் என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆனால், மறைந்தவர் விட்டுச் சென்ற பொருள்களை என்ன செய்வது என்னும் கேள்விக்கு எந்த வீட்டிலும் எளிதில் விடை கிடைப்பதில்லை. துணிமணிகளைத் தானம் செய்துவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியை அலமாரியில் வைக்கிறோம். புகைப்படத்துக்கு மாலை போட்டுச் சிறு விளக்கு எரிய விடுகிறோம். கருமாதியோடு உறவினர் கடமை முடிந்துவிடுகிறது. அதன்பின், கொட்டகை மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் வண்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த வண்டியைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். வறுமை நெருக்கினால் அதை விற்கலாம், அதில் இழிவில்லை. ஆனால், நெருக்கடி இல்லாத வீட்டில் அதை விற்பதும் சரியன்று, நினைவுச் சின்னமாகப் பூட்டி வைப்பதும் சரியன்று. குடும்பத்தார் ஒன்றுகூடித் தம் கையால் பழுது பார்த்து, மீண்டும் சாலையில் ஓட்டுவதே சரி என்பது என் கருத்து.

நடுகல் சொல்லும் பாடம்

வரலாறு படிப்பவள் ஆதலால் நடுகல்லிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்கப் போராடி வீழ்ந்தவர்களுக்காக நட்டவை அவற்றுள் பல. அவற்றை உற்றுப் பாருங்கள். வீரன் வெறுமனே நிற்பதில்லை. வில்லோ வாளோ ஏந்திச் செயலில் இருக்கிறான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனுக்கு அருகே கோவிவன் என்னும் நாயும் இடம்பெற்றிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று கல்வெட்டு அதன் பெயரையும் சொல்கிறது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒருவரை நினைப்பதென்றால், அவர் செய்த தொழிலையும் அத்தொழிலில் உடனிருந்த துணையையும் சேர்த்து நினைக்க வேண்டும். மாலையிட்ட புகைப்படத்தில் முகம் மட்டுமே இருக்கிறது. தொழில் எங்கே? துணை எங்கே?

எங்கள் அப்பா கால்நடை ஆய்வாளர். அவருடைய துணை, 1984-இல் தயாரான ஒரு புல்லட் 350. அதை 1996-இல் பழைய வண்டியாக வாங்கினார். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் அவர் அதில் போகாத பட்டி இல்லை எனலாம். மாடுகளுக்குச் சினை ஊசி போடத் தேவையான உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் குடுவையில்தான் கொண்டு செல்ல வேண்டும். அந்தத் திரவத்தின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். குடுவை சாயவும் கூடாது, அதிகம் குலுங்கவும் கூடாது. ஆகவே அப்பா பட்டறையில் சொல்லி, வண்டியின் ஒரு பக்கத்தில் இரும்புக் கூடை ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டார். பார்ப்பதற்கு அழகில்லைதான். ஆனால், அந்தக் கூடையைப் பார்த்துத்தான் ஊரார் தூரத்திலேயே "டாக்டர் வண்டி வருது" என்பார்கள். அப்பா டாக்டர் அல்லர் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

2021 வைகாசியில் மாரடைப்பால் அப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 52. வண்டி கொட்டகைக்குள் போயிற்று.

மூன்று கருத்துகள்

இரண்டு ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. வீட்டில் மூன்று கருத்துகள் நிலவின. "வித்துட்டு அந்தப் பணத்தைப் பாப்பா படிப்புக்குப் போடும்மா" என்றார் பெரியப்பா. பெங்களூரிலிருந்து பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவரையும் அழைத்து வந்தார். அவர் 80,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அந்த இரும்புக் கூடையை அறுத்து எறிந்துவிட்டு, ஆலையிலிருந்து அன்று வந்ததுபோல் ஆக்கப் போவதாகவும் சொன்னார். என் தம்பியோ, வண்டியை யாரும் தொடவே கூடாது என்றான். தார்ப்பாயை யாராவது நகர்த்தினால் அன்று சாப்பிடமாட்டான். அம்மா எதுவும் சொல்லவில்லை.

அம்மாவின் கருத்து பின்னால்தான் தெரிந்தது. வண்டி உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பீரோவில் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்தபோது, அது முன்பே அம்மா பெயருக்கு மாறியிருந்தது. கருமாதி முடிந்த கையோடு, வாரிசுச் சான்றுக்கும் பெயர் மாற்றத்துக்கும் அம்மா தனியாகவே அலைந்திருக்கிறார். விற்க நினைப்பவர் இவ்வளவு அலைவாரா?

கடலுக்கு அப்பாலும் இதே துயரம்

இப்படிப்பட்ட கேள்வி நம் வீடுகளில் மட்டும் எழுவதன்று. அமெரிக்காவில் 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. காரோடு 'மசில் கார்' என்னும் இனம் புகழ் பெற்றது. நடுத்தர உடலுக்குள் 389 கன அங்குலம், அதாவது சுமார் 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள பேரெஞ்சினைப் பொருத்தியதே அதன் சிறப்பு. புகைக் கட்டுப்பாடு, காப்பீட்டுச் செலவு, 1973-இன் எண்ணெய் நெருக்கடி ஆகியவை சேர்ந்து பத்தே ஆண்டுகளில் அந்த இனத்தை ஒடுக்கிவிட்டன. அவற்றை இளமையில் வாங்கியவர்கள் இப்போது ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். தந்தை பாதியில் விட்டுச் சென்ற காரை, தாயும் பிள்ளைகளும் ஓய்வு நாள்களில் சேர்ந்து சீர்செய்வது அங்கே பல குடும்பங்களில் நடக்கிறது. அவர்களுக்கு வீட்டோடு சேர்ந்த கார்க் கொட்டகை. நமக்குப் புளியமரத்தடியும் காயலான் கடையும். துயரம் ஒன்றுதான்.

நமக்கு அந்தப் பேரெஞ்சின் கார்களின் இடத்தில் இருப்பது புல்லட் என்பேன். அதன் கதையும் சுவையானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. தாய் மறைந்த பின்னும் சென்னை மகள் தொழிலை விடவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று! 346 கன சென்டிமீட்டர் கொண்ட பழைய இரும்பு எஞ்சின், புகை விதிகள் இறுகியதால் 2010-ஐ ஒட்டி விடைபெற்றது.

புளியமரத்தடியில் ஏழு மாதம்

2023 கோடை விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். அப்பாவின் வண்டியைப் பதினைந்து ஆண்டு பார்த்த மெக்கானிக் பாய் ஞாயிறுதோறும் வந்தார். "நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. நான் செஞ்சா வண்டி ஓடும், நீங்க செஞ்சா வண்டி உங்களோடது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

கிக்கர் அசையவில்லை. ஈரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊறவிட்டோம். ஐந்தாம் நாள் கிக்கர் அரை அங்குலம் இறங்கியது. அன்று தம்பி தானாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மறுநாள் தார்ப்பாயை மடித்து வைத்தவன் அவன்தான்.

புதிய ஸ்பேனர்கள் பல நட்டுகளில் பொருந்தவில்லை. அவை பழைய பிரிட்டிஷ் அங்குல அளவில் அமைந்தவை. காயலான் கடையில் அதற்குரிய சாவிகளைத் தேடிப் பிடித்தோம். சிலிண்டரை லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று போர் போட்டு, ஓர் அளவு கூடிய பிஸ்டனும் புதிய ரிங்குகளும் மாட்டினோம். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி அமைப்பது தம்பியின் வேலை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவது என் வேலை. கழற்றிய நட்டுகளை எவர்சில்வர் தட்டுகளில் பிரித்து வைத்து, எது எந்த இடத்தினது என்று நோட்டில் எழுதுவது அம்மாவின் வேலை.

அந்தத் தட்டுகளைச் சுற்றித்தான் எங்கள் வீட்டில் மீண்டும் பேச்சு தொடங்கியது. கருவிப் பெட்டிக்குள், மாட்டின் காதில் மாட்டும் பன்னிரண்டு இலக்க மஞ்சள் வில்லைகள் ஏழு கிடந்தன. எந்தப் பட்டியில் கணக்கு முடியாமல் மிஞ்சியவையோ! கிளச் கேபிளில் ஒரு பழைய கம்பிக் கட்டு இருந்தது. தம்பி பிறந்த இரவு, மழையில் கேபிள் அறுந்தபோது அப்பா வழியில் நின்று கட்டிய கட்டு என்றார் அம்மா. அதை எங்களுக்கு அதுவரை சொன்னதே இல்லை. 'அப்பாவைப் பற்றிப் பேசுவோம்' என்று உட்கார்ந்தால் எங்கள் மூவராலும் ஒரு வார்த்தை பேச முடியாது. கை வேலையில் இருந்தபோது வாய் தானாகத் திறந்தது. ஆறுதல் சொல்ல வந்த எத்தனையோ பேரால் ஆகாத காரியம் அது.

தை மாதத்தில் எஞ்சின் ஓடியது. முதலில் கிக்கரை மெல்ல அழுத்தி இறுக்கம் வந்ததும் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு சிறிது தாண்டவிட வேண்டும். லீவரை விட்டபின் முழுமூச்சாய் ஓர் உதை. வண்டி ஓடத் தொடங்கியதும் நாங்கள் கூச்சலிட்டோம். அம்மா மட்டும் தலையசைத்து, "இது அவர் வண்டிச் சத்தம் இல்ல பாய். இன்னும் மெதுவா அடிக்கும்" என்றார். பாய் கார்புரேட்டர் ஸ்குரூவைச் சிறிது சிறிதாகத் திருப்பினார். "இன்னும்... இன்னும்... போதும்" என்றார் அம்மா. இருபத்தைந்து ஆண்டு திண்ணையில் காத்திருந்து கேட்ட சத்தம் அல்லவா? அந்த அளவு எந்தக் கையேட்டிலும் இல்லை.

மறுப்புகளும் விடைகளும்

இது வீண் செலவு என்பார் உண்டு. "எண்பதாயிரம் வரவு போச்சு, நாற்பத்தோராயிரம் செலவாச்சு, மொத்தம் ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் நட்டம்" என்று பெரியப்பா கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். குடும்ப ஓய்வூதியம் வராத வீடாக இருந்திருந்தால் அவர் சொன்னபடியே செய்திருப்போம். ஆனால், ஏழு மாதம் மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது? அந்த வரவு அவர் கணக்கில் இல்லை.

பழைய வண்டி புகை கக்கும் என்பார் உண்டு. இது தள்ளிவிடத்தக்க வாதமன்று. 2021-இல் மைய அரசு பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையை அறிவித்தது. இருசக்கர வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 2024-இல் நாங்கள் வண்டியை ஆய்வுக்குக் காட்டி, புகைச் சான்று பெற்றே புதுப்பித்தோம். ரிங் தேய்ந்து எண்ணெய் எரிக்கும் வண்டி வேறு, செம்மை செய்து அளவாக ஓட்டும் வண்டி வேறு. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்ல இதை எடுக்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கிரீஸும் ஆயிலும்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் விடை கூறவில்லை. வண்டியை ஓட்டிக் காட்டினேன். வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் உள்ள அந்த வண்டியைக் கேட்டவர்களில் எத்தனை பேர் ஓட்டுவார்கள் என்பது ஐயமே!

எல்லாவற்றினும் கடினமான கேள்வியை என் தம்பி கேட்டான்: "பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு, கேபிள் புதுசு, டயர் புதுசு. இது இன்னும் அப்பா வண்டிதானா?" நன்கு எண்ணிப் பார்த்தேன். அப்பா இருந்தபோதும் டயரும் கேபிளும் மாறிக்கொண்டுதானே இருந்தன? தேய்வது மாறும், பயன் தொடரும். எனவே எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று ஒரு முடிவுக்கு வந்தோம். ஓட்டத்துக்கு வேண்டியதை எல்லாம் மாற்றினோம். அப்பாவின் வாழ்க்கை வண்டியில் விட்ட அடையாளங்களைத் தொடவில்லை. பெட்ரோல் தொட்டியில் அவர் முழங்கால் பட்டுத் தேய்ந்த இடத்துக்குப் புது வர்ணம் பூசவில்லை. இரும்புக் கூடையை அறுக்கவில்லை. துருவை மட்டும் நீக்கினோம்.

ஆலையிலிருந்து வந்த நாள் போல ஆக்குவதே சீரமைப்பு என்று வண்டி சேர்ப்போர் கருதுகின்றனர். அந்த நாளில் இந்த வண்டியை எங்கள் அப்பா கண்ணால் கண்டதுகூட இல்லை! எங்களுக்கு வேண்டியது 1984-ஆம் ஆண்டுப் புல்லட் அன்று. எங்கள் அப்பா ஓட்டிய புல்லட். காட்சிக்கு வைக்கும் வண்டியைச் சந்தைக்காகச் சீர்செய்கிறார்கள். வீட்டு வண்டியை வாழ்ந்த வாழ்க்கைக்காகச் சீர்செய்ய வேண்டும்.

இப்போது அந்தக் கூடையில் திரவ நைட்ரஜன் குடுவை இல்லை. பால் கேன் இருக்கிறது. காலையில் தம்பி அதைப் பால் சொசைட்டிக்கு எடுத்துச் செல்கிறான்; அவனுக்குத் தேர்வு நாள் என்றால் நான் போகிறேன். வழியில் வயதானவர்கள் இன்றும் "டாக்டர் வண்டி" என்றே சொல்கிறார்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும். வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; தாத்தாவின் தறியாக, அம்மாவின் தையல் எந்திரமாக, மாமாவின் ஆயில் எஞ்சினாக இருக்கலாம். அதற்குப் பொட்டு வைத்துப் பூட்டி வைக்காதீர்கள். வீட்டிலுள்ள எல்லாரையும் அழையுங்கள். பேசாதவர்களை முதலில் அழையுங்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். துருவைத் தேய்க்கத் தொடங்குங்கள். மறைந்தவரைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்றை, அந்தப் பொருளைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாரோ ஒருவர் அன்று சொல்லப் போகிறார்.