டப்பாவில் அடைத்த புரதம்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்பது பெயர். ஆயினும் அதனுள் எந்த மருந்தின் பெயரும் இல்லை. பத்துக் குறள்களுள் பெரும்பாலானவை உண்ணும் அளவையும், முன்னுண்டது செரித்தபின் உண்ணும் முறையையுமே பேசுகின்றன. உணவைச் சரியாக உண்பவர்க்கு மருந்தின் தேவை குறையும் என்பது வள்ளுவர் கண்ட தெளிவு. இன்றோ நிலை தலைகீழாக மாறிவிட்டது. உணவே மருந்தின் கோலம் பூண்டு, பொடியாகவும் மாத்திரையாகவும் டப்பாக்களில் அடைபட்டு விலைக்கு வருகின்றது. அவற்றுள் தலைமை இடம் புரதப் பொடிக்கும் அமினோ அமில மாத்திரைகளுக்கும் உரியது.

இது பெருநகரத்துச் செய்தி என்று எண்ணிவிட வேண்டா. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிப் பாலாற்றங்கரையில் நிற்கும் நம் வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இன்று உடற்பயிற்சிக் கூடங்கள் உள்ளன. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் முறைவேலை பார்க்கும் இளைஞரும், கல்லூரியில் பயிலும் மாணவரும் மாலையில் அங்குக் கூடுகின்றனர். உடலைப் பேணுவது நற்பழக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு டப்பா வாங்கினாலன்றி உடல் தேறாது என்றும், குறிப்பிட்ட மாத்திரையை விழுங்கினால் மனச்சோர்வு அகன்று படிப்பில் கவனம் கூடும் என்றும் அவர்கள் நம்பவைக்கப்படுகின்றனரே, அதுதான் நம் கவலைக்குரியது.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றுள் ஒன்பதை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியே பெறவேண்டும். அரிசியில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அக்குறையை ஈடுசெய்கின்றது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியும், அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கலும் நாவுக்காக மட்டும் அமைந்த சேர்க்கைகள் அல்ல. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்தோறும் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, வாய்ப்புள்ள இடங்களில் சிறிது கறி. பகல் முழுதும் வெறுவயிறாய் இருந்த உடலுக்கு இதனினும் இதமான புரதக் கலவையை எந்த நிறுவனம் செய்து தந்துவிடும்?

புரதப் பற்றாக்குறை என்னும் அச்சுறுத்தல் புதியதன்று. 1968ஆம் ஆண்டிலேயே ஐக்கிய நாடுகள் அவை உலகைப் புரத நெருக்கடி சூழ்வதாக அறிக்கை வெளியிட்டது. அக்காலத்தில் மீன்மாவு, லைசின் கலந்த ரொட்டி எனப் பல திட்டங்கள் எழுந்தன. அந்த ஆரவாரத்தின் நடுவே மாறுபட்டு நின்றவர்களுள் ஒருவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். குன்னூரிலும் பின்னர் ஐதராபாத்திலும் ஆய்வு செய்த அவர், நம் ஏழைக் குழந்தைகளிடம் முதன்மையாகக் குறைவது புரதமன்று, வயிறார உணவே என்று எடுத்துரைத்தார். அடுப்பெரிய விறகில்லாத வீட்டில் நாற்காலியை உடைத்து எரிப்பதுபோல, போதிய உணவு கிட்டாத உடல், தான் பெற்ற புரதத்தையும் எரிபொருளாக்கித் தீர்த்துவிடும். வழக்கமான சோறும் பருப்பும் போதிய அளவு கிடைத்தாலே குழந்தை தேறும் என்பது அவர் முடிபு. 1974இல் மருத்துவர் மெக்லாரன், 'லான்செட்' இதழில், புரத நெருக்கடி என்னும் அக்கோட்பாட்டையே பெருந்தோல்வி எனச் சாடினார்.

தமிழகம் இவ்வகையில் நல்ல வழியையே தேர்ந்துகொண்டது எனலாம். காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் நாளில் தொடங்கிய சத்துணவும் முதலில் பசியைக் கருதின. 1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் அது பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை என வளர்ந்தது. பஞ்சத்தால் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபியை ஏந்திவந்த மணிமேகலையின் கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த முட்டையும் நினைவுக்கு வரும். இலக்கியத்தோடு முட்டையை இணைப்பதா எனப் புலவர் பெருமக்கள் சினந்தாலும் சரியே.

இனி, மனநலம் பற்றிய விளம்பரங்களை நோக்குவோம். டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்தே மூளையில் செரோடோனின் உருவாகின்றது; அது மனநிலையோடும் உறக்கத்தோடும் தொடர்புடையது. இவ்வளவும் உண்மையே. ஆயின் மூளையின் வாயில் குறுகியது. வேறு சில அமினோ அமிலங்களும் அதே வாயிலில் முண்டியடிக்கின்றன. புரதத்தை மிகுதியாக உண்டால் அப்போட்டியாளர்களும் பெருகுவர். டிரிப்டோபேனுக்கு இடம் கிடைப்பது அரிதாகும். ஆகவே 'புரதம் உண்டால் மனம் மகிழும்' என்னும் நேர்க்கணக்கு உடலின் கணக்கன்று. அவ்வமிலத்தைத் தனியே மாத்திரையாக விற்றதன் விளைவையும் உலகம் கண்டுள்ளது. 1989இல் அமெரிக்காவில், உறக்கத்திற்கும் மனச்சோர்வுக்கும் என டிரிப்டோபேன் மாத்திரை உட்கொண்டவர்களிடம் கடுந்தசைவலியோடு ஒரு புதுநோய் தோன்றியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பாதிப்புற்றனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் தயாரிப்போடு அது தொடர்புபடுத்தப்பட்டது. உணவுச் சத்துத்தானே, என்ன செய்துவிடும் என்று எண்ணி விழுங்கியவர்கள் அவர்கள்.

தொடர்ந்து உறக்கமின்றியும் எதிலும் நாட்டமின்றியும் வாடும் மாணவர் டப்பாவைத் தேட வேண்டா, மருத்துவரைத் தேடவேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் அரசின் தொலைபேசிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். அதற்குக் கட்டணமும் இல்லை.

டப்பாவினுள் இருப்பது புரதந்தானா என்னும் ஐயமும் உண்டு. ஆய்வகங்கள் நெடுங்காலமாகப் புரதத்தை நேரே அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகின்றன. விலை மலிந்த கிளைசின் போன்றவற்றைக் கலந்தால் எண் உயரும், பயன் உயராது. சீனத்தில் 2008இல் பால்மாவில் மெலமைன் கலந்த கொடுமையும் இந்தக் கணக்கை ஏய்ப்பதற்கே நிகழ்ந்தது. குழந்தைகள் ஆறு பேர் உயிரிழந்தனர். நம் நாட்டில் விற்கப்படும் முப்பத்தாறு புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றுள் பெரும்பாலானவற்றில் மேலே அச்சிட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை எனக் கண்டது. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. அதே ஆண்டில் ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு நெறிகளும், உடல் பருக்கப் புரதப் பொடி உண்பதைத் தவிர்க்குமாறே அறிவுறுத்தின. மருத்துவர் பரிந்துரைக்கும் நோயாளர் நிலை வேறு. பிறவியிலேயே சில அமினோ அமிலங்களை ஏற்க இயலாத குழந்தைகளுக்கு அமினோ அமிலக் கலவையே உயிர்காக்கும் உணவு. அவர்களை முன்னிறுத்தி நலமுள்ளவரிடம் விற்பது முறையாகாது.

எளிய கணக்கொன்று போடுவோம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் போதும்; கடும்பயிற்சி செய்வோர்க்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். ஒரு முட்டையில் 6 கிராம். நம் வட்டாரத்திலேயே விளையும் வேர்க்கடலை நூறு கிராமில் 25 கிராம். மூவாயிரம் ரூபாய்ப் பொடியில் ஒரு கிராம் புரதத்தின் விலை நான்கு ரூபாயளவு ஆகின்றது. முட்டையில் அது ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். கடலையில் அதனினும் குறைவு.

பணத்தைவிடப் பெரிய செய்தி வேறொன்று. டப்பா வாங்கும் வீட்டில் அது மகனுக்கே உரியது. அவனுடைய தாயோ எல்லாரும் உண்டபின் எஞ்சிய சோற்றையும் அடிச்சட்டிக் குழம்பையும் உண்கின்றார். அக்காளோ தங்கையோ இருப்பின் அவர்களுக்கும் அதே நிலைதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துப் பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள். இரத்தச்சோகைக்கு முதற்காரணம் இரும்புச்சத்துக் குறைவு. எனினும் பருப்பும் கீரையும் முட்டையும் இறைச்சியும் யார் தட்டில் முதலில் விழுகின்றன என்பதையும் அந்த எண் சொல்கின்றது. நால்வர் உள்ள இல்லத்தில் ஆளுக்கொரு முட்டை நாள்தோறும் உண்டாலும் மாதச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. மூவாயிரம் ரூபாயை ஒருவன் குலுக்கிக் குடிப்பதைத் தன்னம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரிகளும் தம் பங்கைச் செய்யலாம். சிற்றுண்டிச் சாலைகளில் மைதாப் பரோட்டாவும் பப்சும் பெருமளவில் விலைபோகின்றன. காலையில் உண்ணாது பேருந்தேறி வரும் சிற்றூர் மாணவியர்க்குக் கிடைப்பதும் அவையே. அங்கு நாள்தோறும் ஒரு பயற்றுச் சுண்டலும் அவித்த முட்டையும் அடக்க விலைக்கு வைக்கலாம். தனிக் கட்டடமோ பெருஞ்செலவோ இதற்கு வேண்டியதில்லை. முந்தைய இரவே பயற்றை ஊறவைக்க ஒருவர் நினைவு வைத்திருந்தால் போதும்.