எண்ணைக் கண்டு ஆளைக் காணலாமா?

இரத்தோட்டையிலிருந்து வாசகர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கின்றார். அவர் வீட்டு வைஃபையில் இணைந்துள்ள சாதனங்களை ரவுட்டரின் பட்டியலில் பார்த்தபோது, பெயரற்ற ஒன்று காணப்பட்டதாம். எண்ணும் எழுத்தும் கலந்த 12 குறிகளே அதன் அடையாளம். உடனே அடுத்த வீட்டுப் பையன்மீது ஐயம் பிறந்துவிட்டது. பத்து நாட்களாக இரு குடும்பத்தாரும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. "இவ்வெண்ணைக் கொண்டு திருடனைப் பிடிக்கலாமா?" என்று கேட்கின்றார்.

அந்த எண் யாது? வைஃபையில் சேரும் சாதனம் ஒவ்வொன்றிற்கும், கைத்தொலைபேசியாயினும் தொலைக்காட்சிப் பெட்டியாயினும், தொழிற்சாலையிலேயே ஓர் எண் இடப்படுகின்றது. அதனை வன்பொருள் முகவரி என்றும் மேக் முகவரி என்றும் கூறுவர். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆறு ஆங்கில எழுத்துகளும் அதில் வரும். பெரும்பாலும் முதல் 6 குறிகள் செய்த நிறுவனத்தைக் காட்டும். அவற்றை வழங்குவது ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியியலாளர் அமைப்பு. எஞ்சிய 6 குறிகள் அந்நிறுவனம் இடும் தொடரெண்.

இம்முறை மாத்தளைத் தோட்டங்களுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்தபோது, 'டின் டிக்கட்' என்னும் தகர வில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தைக் காட்டும் எண்ணும் ஆளைக் காட்டும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. மனிதரைச் சரக்குப்போல் எண்ணிட்ட அவ்வழக்கத்தை நாம் மெச்சவில்லை; அதன் அமைப்பைச் சொல்லவே இங்கு எடுத்தோம். வில்லையை உடையவர் எந்தத் தோட்டத்திற்குரியவர் என்று அது சொல்லிற்று. அவர் அந்நேரம் கப்பலில் இருக்கின்றாரா, மாத்தளைப் புகையிரதத்தில் இருக்கின்றாரா என்று சொல்லவில்லை. வன்பொருள் முகவரியும் அத்தகையதே: பிறந்த இடத்தைச் சொல்லும், இருக்கும் இடத்தைச் சொல்லாது.

இருக்கும் இடத்தை அறிய வேறு வழி வேண்டும். 1982ஆம் ஆண்டு டேவிட் பிளம்மர் என்பவர் ஏ.ஆர்.பி. என்னும் முறையை வகுத்தார். காலைப் பெரட்டில் கங்காணி பெயரைக் கூப்பிட, எல்லாரும் கேட்க, உரியவர் மட்டும் குரல் கொடுப்பாரன்றோ? அவ்வாறே, "இந்த ஐ.பி. முகவரி யாருடையது?" என்று ஒரு சாதனம் எல்லாவற்றையும் கேட்க, உரியது மட்டும் தன் வன்பொருள் முகவரியைத் திருப்பிச் சொல்லும். இவ்விடைகள் ஓர் அட்டவணையாகச் சேர்கின்றன. அதனைத் திருப்பிப் படித்தால், வன்பொருள் முகவரியிலிருந்து ஐ.பி. முகவரியைக் காணலாம். ஆனால் பெரட்டுக் களத்தின் குரல் அடுத்த தோட்டத்திற்குக் கேட்பதில்லை. இவ்வெண்ணும் ரவுட்டரைத் தாண்டி வெளியே செல்வதில்லை. தபாற்காரர் கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் சேர்ப்பதோடு நிற்க, எந்த லயத்தில் எந்த அறை என்பது தோட்டத்துக்குள் மட்டுமே தெரிந்திருப்பது போன்றது இது. (அக்கடிதங்கள் அலுவலகத்திலேயே தங்கி, நேர்முகப் பரீட்சைக்கான நாளும் கடந்துபோகும் கொடுமையைத் தனியே எழுதவேண்டும்.)

முதல் 6 குறிகளை ஐ.ஈ.ஈ.ஈ.யின் பட்டியலில் தேடினால் நிறுவனத்தின் பெயர் கிடைக்கும். அதுவும் பல வேளைகளில், பெட்டியின்மேல் உள்ள பெயராக இராது; உள்ளே பொருத்திய சில்லைச் செய்தவரின் பெயராக இருக்கும். மேலும், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து, கைத்தொலைபேசிகள் தம் உண்மை எண்ணை மறைத்து, வலையமைப்புக்கு ஒன்றாகப் புனைந்த எண்ணைக் காட்டத் தொடங்கின. செல்லுமிடமெல்லாம் ஒருவரைப் பிறர் பின்தொடராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இத்தகைய எண்ணின் இரண்டாம் குறி 2, 6, ஏ, ஈ என்னும் நான்கில் ஒன்றாக இருக்கும். நம் வாசகர் எழுதியனுப்பிய எண்ணின் இரண்டாம் குறி ஏ. ஆகவே, எந்தப் பட்டியலும் அதற்குப் பெயர் சொல்லாது. அவர் வீட்டிலேயே நான்கு கைத்தொலைபேசிகள் உள்ளனவாம். அவற்றைப் பார்க்குமுன் அயலார் பிள்ளையைத் திருடன் என்றது முறையன்று. பேச்சை முதலில் தொடங்கவேண்டியவர் அவரே.

சோதிக்கும் வழி எளிது. கைத்தொலைபேசியின் அமைப்புப் பகுதியில், அவ்வைஃபைக்குப் பயன்படும் முகவரி எழுதப்பட்டிருக்கும், பட்டியலோடு ஒப்பிடுக. ஒவ்வொரு சாதனமாக அணைத்து, எந்த வரி மறைகின்றதென்றும் பார்க்கலாம். மறையச் சில நிமிடங்கள் ஆகலாம். அதன் பின்னும் ஒன்று எஞ்சினால் கடவுச்சொல்லை மாற்றி, வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, எண்ணையும் உரியவர் பெயரையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்க. தொலைக்காட்சிப் பெட்டியில் புதிய கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தேடி அழுத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை; அதனை ஞாயிறு பிற்பகலுக்கு ஒதுக்கிக்கொள்வது நன்று.