பல்பை மட்டும் பார்த்தால் போதுமா?

இறங்கப் போகும் விமானத்தின் சக்கரம் வெளியே வந்து லாக் ஆகிவிட்டதா என்று விமானி எப்படித் தெரிந்துகொள்வார்? எட்டிப் பார்க்க முடியாது. காக்பிட்டில் எரியும் பச்சை விளக்குதான் அவருக்குச் சாட்சி. அது எரியாவிட்டால்..? கோளாறு சக்கரத்திலா, விளக்கிலா? 'இதுல என்ன இருக்கு, டிரபிள் ஷூட்டிங்தானே' என்று நமக்குத் தோன்றும். ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1972 டிசம்பர் 29. நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் மூக்குச் சக்கரத்தின் விளக்கு எரியவில்லை. 2000 அடி உயரத்தில் ஆட்டோ பைலட்டை நம்பி விட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கிலேயே மூழ்கினார்கள். உயரத்தைப் பிடித்து நிறுத்தும் இணைப்பு விடுபட்டதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் மாண்டனர். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. ஃபியூஸ் போனது வெறும் பல்பு!

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம். யுனைடெட் 173 விமானத்தில் சக்கரத்தை இறக்கும்போது பெரிய சத்தம். துருவேறிய பிஸ்டன் ராடு கழன்று, வலப்பக்கச் சக்கரம் தடாலென்று விழுந்திருந்தது. அதைச் சரிபார்ப்பதிலும் பயணிகளைத் தயார்ப்படுத்துவதிலும் ஒரு மணி நேரம் வட்டமடித்தார்கள். எரிபொருள் தீர்ந்து 4 எஞ்சின்களும் நின்றன. 10 பேர் பலி. இங்கேயும் சக்கரங்கள் லாக் ஆகித்தான் இருந்தன! எரிபொருள் குறைவதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆனால் 'சார், உடனே இறங்கணும்' என்று அழுத்திச் சொல்ல ஆளில்லை.

இதற்குப் பிறகுதான் யுனைடெட் நிறுவனம் 1981-ல் காக்பிட் குழுவுக்கென்றே தனிப் பயிற்சி தொடங்கியது. கோளாறை ஒருவர் பார்க்கட்டும், விமானத்தை ஓட்டுவது மட்டுமே இன்னொருவர் வேலை. இளையவர் தயங்காமல் பேச வேண்டும், மூத்தவர் காதுகொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம்ம ஊர்ப் பக்கமே வாருங்கள். 2024 அக்டோபர் 11-ல் திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் சுற்றியது. பாரத்தைக் குறைக்க எரிபொருளைக் கணக்காகச் செலவழித்துவிட்டுப் பத்திரமாக இறங்கியது. கோளாறு வந்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

'நாம என்ன பைலட்டா?' என்று கேட்காதீர்கள். மெஷின் லேபில் மோட்டார் ஓடவில்லை என்றால் பேட்ச் மொத்தமும் ஸ்டார்ட்டருக்குள் தலையை விடுகிறோம். மெயின் சுவிட்ச் பக்கம் யார் நிற்கிறார்கள்? கோளாறு கண்டுபிடிக்க மூன்று வருடம் படிக்கிறோம். அந்த நேரத்தில் மற்றதை யார் கவனிப்பது என்று ஒரு பீரியடாவது சொல்லித் தருகிறார்களா?

என் யோசனை இதுதான். ஒவ்வொரு பிராக்டிகலிலும் ஒருவர் கருவியைத் தொடக்கூடாது. மீட்டர், சுவிட்ச், சுற்றி நிற்கும் ஆட்கள் இவற்றை மட்டும் அவர் பார்க்கட்டும். அவர் 'நிறுத்து' என்றால் எல்லாரும் நிறுத்த வேண்டும். வாரம் ஒருவராக முறை மாறட்டும். அந்த வேலைக்கும் ரெக்கார்டில் மார்க் போடட்டும்.

நாளைக்கு நம்மை நம்பி ஒரு பாய்லரையோ சப்ஸ்டேஷனையோ ஒப்படைக்கப் போகிறார்கள். அங்கேயும் ஒருநாள் விளக்கு எரியாது. அப்போது ஒருவர் பல்பை மாற்றட்டும், தோழர்களே... இன்னொருவர் உயரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்!