தாமதமும் தண்டனையும்

கல்யாணில் இருந்து சி.எஸ்.எம்.டி. சுமார் 54 கிலோ மீட்டர். காலை நேரத்தில் மின்சார ரெயிலில் ஏறுவதே பெரும்பாடு. 2025-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி மும்ரா அருகே, படியில் தொங்கி வந்த பயணிகள் விழுந்து உயிர் இழந்தார்கள்.

பத்து நிமிடம் தாமதித்தால் சம்பளம் பிடிப்பார்களே என்ற பயமும் பலரைப் படியில் தொங்க வைக்கிறது.

அலுவலக நேரத்தை மாற்றி அமைக்கும்படி மத்திய ரெயில்வே அலுவலகங்களைக் கேட்டுக்கொண்டது. மேலதிகாரிகள் இதற்கு இணங்க வேண்டும். பிந்தி வருகிறவர் மாலையில் அந்த நேரத்தை ஈடுகட்டட்டும். வேலை கெட்டுவிடாது.

"ஏன் தாமதம்?" என்று அதட்டும் முன், "பத்திரமாக வந்தீர்களா?" என்று கேட்கலாமே! பரிவு காட்டும் அதிகாரிக்கு ஊழியர்கள் மனமார உழைப்பார்கள்.