குழாயை இணைக்கிறார்கள், குழிக்குள் யார் இறங்குகிறார்கள்?



அம்பத்தூரில் நான் குடியிருக்கும் தெருவுக்கு விடியற்காலையில் மூணு லாரி வரும். முதலில் தண்ணி லாரி. பின்னாலேயே கழிவுநீர் லாரி; நேற்று விற்ற தண்ணியை மலத்தோடு சேர்த்து இன்று உறிஞ்சிக்கொண்டு போகும். மூணாவது குப்பை லாரி. மூணுக்கும் தனித்தனி டீசல், தனித்தனிக் காசு. ரோட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குடிநீர்க் குழாய்க்கு ஒரு தோண்டல், சாக்கடைக்கு ஒரு தோண்டல், மழைநீர் வடிகாலுக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று. 2011-இல் அம்பத்தூர் நகராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோது இதெல்லாம் ஒழுங்காகிவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

குடிநீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் எல்லாவற்றையும் குடியிருப்பு அளவிலேயே ஒன்றாகத் திட்டமிட்டால் வளம் மிச்சமாகும் என்கிறார்கள் நிபுணர்கள். உண்மைதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் கணக்கு. அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாகத் திரும்புகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணி வந்ததைப் பார்த்தவர்கள் நாம். தண்ணீரைப் பொதுவாக்கு என்பதும் நமக்குப் புதிய பேச்சல்ல. 1927-இலேயே மகாத் குளத்தில் பாபாசாகேப் தொடங்கி வைத்த பேச்சு அது.

ஆனால் இந்த மிச்சக் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டுப் போகிறான்.

கோயம்பேட்டில் 2019-இல் ஒரு நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரைச் சாக்கடையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு உண்டு. அந்தத் தண்ணீர் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் போகிறது. கார் கம்பெனி கேட்டால் பீத்தண்ணியைக்கூடப் பளிங்காக்கித் தர இவர்களிடம் பணம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார். அதே ஆண்டுகளில், 2024 ஆகஸ்டில், ஆவடியில் பாதாளச் சாக்கடை அடைப்பெடுக்கப் போன இளம் ஒப்பந்தத் தொழிலாளி விஷவாயுவில் செத்தார். அடைப்பெடுக்க மட்டும் மனுசன்! அவன் என்ன சாதி என்று இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமலா? 1993-இல் ஒன்று, 2013-இல் இன்னொன்று. குழிக்குள் செத்தால் 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்சநீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்கு விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாச் சேவையையும் ஒன்றாக்குவது என்றால் எல்லாவற்றையும் ஒரே கான்ட்ராக்டர் கையில் கொடுப்பது என்றுதான் ஆட்சியாளர்களுக்கு அர்த்தம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் 13 நாள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

ஆகவே இணைப்புத் திட்டம் என்று யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். முதல் குழாய் அடுக்குமாடிக்கா, சேரிக்கா? அடைப்பெடுக்கும் இயந்திரம் எத்தனை, அது எந்தத் தெருவுக்குள் நுழையும்? வேலை செய்கிறவர் நிரந்தர ஊழியரா, தினக்கூலியா?

மாணவத் தோழர்கள் இதற்கு ஒரு வேலை செய்யலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் உங்கள் தெருவில் மேன்ஹோல் மூடிகளை எண்ணுங்கள். கடைசியாக ஒவ்வொன்றையும் திறந்தது இயந்திரமா, ஆளா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதி அனுப்புங்கள். தெரு வாரியாக வெளியிடுகிறோம்.