முதலிடம் எதற்கு?

விதைநெல்லை விற்று வேலி கட்டும் உழவனைக் கண்டால் ஊர் நகைக்கும். வேலி வேண்டாம் என்று எவரும் கூறார். வேலி எதன் பொருட்டு என்பதை அவன் மறந்தான் என்பதே நகைப்புக்குக் காரணம். கிறித்தவத் திருச்சபை வாழ்விலும் இத்தகைய உழவர் பலர் உளர். அவர்களை மட்டும் ஊர் நகைப்பதில்லை. மாலையிட்டு மேடையில் அமர்த்துகிறது.

சபைக்குழுக்கள் கூடும் முறையை எண்ணிப் பார்த்தல் தகும். சிறியதொரு ஜெபத்துடன் கூட்டம் தொடங்கும். சிறியதொரு ஜெபத்துடன் முடியும். இடைப்பட்ட மூன்று மணி நேரமும் கூரைக்கும், வண்ணப்பூச்சுக்கும், ஒலிபெருக்கிக்கும், ஆண்டு விழாவுக்கும், அடுத்த தேர்தலுக்குமே உரியவை. நோயுற்றுக் கிடக்கும் முதியவரைக் கண்டு வருவோர் யார்? வேலையிழந்த குடும்பத் தலைவனின் அடுப்பு எரிகிறதா? ஒரே வரிசையில் அமர்ந்தும் ஈராண்டாய்ப் பேசாதிருக்கும் இருவரை ஒன்றுசேர்ப்பது எவர் கடமை? இவை எழுந்தால், ‘நேரமாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்’ என்னும் விடையே கிடைக்கும்.

இப்பிழை இன்று பிறந்ததன்று. பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரில் வெண்தூண்களுடன் விளங்கும் புனித ஜார்ஜ் ஆலயம் கும்பினி ஆட்சியில் 1818இல் கட்டி முடிக்கப்பெற்றது. மறு ஆண்டில் கல்கத்தாப் பேராயர் மிடில்டன் அதனைத் திருநிலைப்படுத்தினார். அதனைக் கட்டிய கைகள், கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் கைகள். அவ்வாலயமோ அவர்களுக்காக எழுந்ததன்று. ஆங்கிலேய அலுவலரும் அவர்தம் குடும்பத்தாரும் வழிபட எழுந்தது. ‘வருத்தப்படுவோரைத் தம்மிடம் அழைத்தவர்’ என்று போற்றப்படும் ஒருவரின் பெயரால், வருத்தப்படுவோரின் முதுகிலேயே கல் ஏற்றப்பட்டது. 2007இல் நாட்டின் மரபுடைமையாக அறிவிக்கப்பெற்ற அவ்வாலயத்தின் தூண்களை இன்று படம் பிடிப்போர் பலர். அத்தூண்களைச் சுமந்த தோள்களை நினைப்போர் எத்தனை பேர்?

வெள்ளையர் செய்த பிழை இது என்று தமிழர் ஒதுங்கி நிற்றலும் இயலாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. மேற்சாதியார் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் ஒரு கிளையில். ஏனையோர் மறு கிளையில். செங்கல்லும் சாதிக்குப் பணிந்தது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தடுப்பை அகற்ற முற்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. காணிக்கையுடன் பீடத்தை அணுகுபவன், தன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரன் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனுடன் ஒப்புரவாக வேண்டும் என்பது இயேசு கற்பித்த நெறி. காணிக்கையை அவர் வேண்டாம் என்னவில்லை. முந்தியது எது, பிந்தியது எது என்றே வரையறுத்தார். அவ்வரிசையைத் தலைகீழாக்கிய பின், எத்துணை உயர்ந்த கோபுரமும் வழிபாட்டை உயர்த்துமோ?

கல்லையே சபை என்று கருதுவோர்க்குப் பினாங்கே மற்றொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. கடாரத்திலிருந்து வந்த கத்தோலிக்கர்க்காக 1786இல் தொடங்கிய விண்ணேற்பு அன்னை ஆலயம், 1955இல் பினாங்கு மறைமாவட்டம் அமைந்தபோது பேராலயமாயிற்று. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியது, வாடகை உயர்ந்தது, பழைய நகர்க் குடும்பங்கள் பல புறநகர் நோக்கிப் பெயர்ந்தன. 2003இல் பேராலயம் என்னும் நிலையும் தூய ஆவி ஆலயத்திற்குப் பெயர்ந்தது. கல் நின்றது, குடி பெயர்ந்தது, குடி சென்ற வழியே பேராலயமும் சென்றது. சபை எங்கே இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

‘சிறுபான்மையினராகிய எங்களை ஒன்றுகூட்டுவன ஆலயமும் விழாவுமே, அவற்றைக் குறை கூறலாமா?’ என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவிற்குப் பிற சமயத்தாரும் திரண்டு வருவது எளிய செய்தியன்று. ஆயினும் விழாவின் பயனை விழா நாளில் அளத்தல் ஆகாது. அடுத்த வாரத்தில் அளத்தல் வேண்டும். மெழுகுவர்த்தி ஏந்திய கை, மறுநாள் அண்டை வீட்டு விதவைக்கு அரிசி ஏந்துமாயின் விழா வென்றது. ஏந்தாதாயின் எரிந்தது மெழுகு மட்டுமே.

வரிசை அறிந்து வாழ்ந்தோரும் இருந்தனர். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, சிறுவருடன் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். எளியதோர் ஆலயம் அடுத்த ஆண்டே அமைந்தது. ஆனால் பெரிய ஆலயம் 1718இல்தான் எழுந்தது. அதற்குள் பள்ளிகள் நடந்தன, அச்சகம் வந்தது, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. வேதம் கேட்பவன் மொழியில் இருத்தல் வேண்டும், கேட்பவன் எழுத்தறிதல் வேண்டும் என்பவை அவர்க்கு முந்திய கடமைகளாயின. அம்மரபின் பயனைத் துய்க்கும் தமிழ்ச் சபையொன்று, பல்லாயிரம் வெள்ளிக்கு ஒலிபெருக்கி வாங்கிவிட்டுத் தன் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தத் தயங்குமாயின், பெருகுவது ஓசையே, பொருள் அன்று. விளங்காத மொழியில் முழங்கும் மறையுரை எந்தப் பிள்ளையின் நெஞ்சில் தங்கும்?

கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. விழாவை நிறுத்த வேண்டியதில்லை. கணக்கேட்டை மூட வேண்டியதும் இல்லை. வரிசையை மாற்றினாற் போதும். அடுத்த குழுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதலாவதாக ஜெபமும் வேதமும், அவசரமின்றி. இரண்டாவதாக நோயுற்றோர், வறியோர், பிணங்கியோர் ஆகியோரின் பெயர்கள். மூன்றாவதாகப் பிள்ளைகளின் கல்வி. இறுதியாகக் கூரையும் வண்ணமும். அன்று நேரம் போதாமற் போனால், ஒத்திவைக்கப்படுவது கூரையாக இருக்கட்டும்.